‘சாப்டாச்சு’ என்ற பொய்யும் ஒரு காலை மாத்திரையும்

மருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். இதை உங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்கிற பொய் இல்லை, மரியாதைக்குச் சொல்கிற பொய். அந்தப் பொய்யைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற நாம்தான்.

ராயபுரத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கென்று ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள், அதில் குளுக்கோஸ் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. போன வருஷம் ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடிகாரம் அடுத்த வாரமே நின்றுவிட்டது. இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். எந்த மாத்திரையை எந்த அலமாரியில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் வழுக்கி விழுந்த இடத்தை மட்டும் சொல்கிறேன்.

கவனம் ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருப்பவர்களுக்கு மனநல மருத்துவர் எழுதுகிற ஊக்க மாத்திரை உங்களுக்குத் தெரியும். காலையில் ஒன்றை முழுசாக விழுங்கினால் மெதுவாகக் கரைந்து பகல் முழுக்க வேலை செய்யும். தாவுகிற மனசைப் பிடித்து உட்கார வைக்கும். கூலியாகப் பசியைப் பிடுங்கிக்கொள்ளும், நாடித்துடிப்பையும் கொஞ்சம் ஏற்றிவிடும். இந்த மாத்திரையும் சாப்பாடும் சம்பந்தி வீட்டார் மாதிரி, யார் முதலில் வருவது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் இதற்கென்று ஒரு வழவழப்பான கையேடு தருவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தட்டில் இருக்கிற பச்சை இலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். இலையைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? எங்கள் ஜன்னலுக்கு வருகிறவர்கள் அதில் டீக்கடைப் பொறை ரொட்டியை வைத்துச் சாப்பிட்டார்கள். நல்ல தடிமனான காகிதம், எண்ணெய்கூட ஊறாது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு துணி வியாபாரி வருவார், பெண்ணுக்கு இந்த மாத்திரை வாங்க. ஒரு நாள் வந்து, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் பெண்ணுக்குப் படபடப்பு, பகல் இரண்டு மணிக்கெல்லாம் பழையபடி ஆட்டம் என்றார். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “முழுங்க மாட்டேங்குதும்மா. அதான் நல்லா நுணுக்கி, வாழப்பழத்துல பெசஞ்சு குடுத்துர்றேன்” என்றார். ஒரு பகலுக்கான மருந்தை ஒரே வாயில் கொடுத்திருக்கிறார். நுணுக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தமிழ்நாட்டில் முழுங்க மாட்டேன் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் காத்திருக்கிறது என்பது தெரியாமலா நான் வளர்ந்தேன்? அன்றைக்கு டாக்டரிடம் நானும் சேர்ந்து திட்டு வாங்கினேன். அதிலேயே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு ஜான்சி வர வேண்டியிருந்தது.

ஜான்சிக்கு இருபத்தைந்து வயது. அம்மா ரெஜினா காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவர். அப்பா விசைப்படகில் போனால் பத்து நாளைக்கு ஆள் கிடைக்காது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கன்ட்ரோல் ரூமில் ஜான்சிக்கு வேலை கிடைத்திருந்தது. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எதன் மேல் உட்கார வேண்டும் என்று திரையைப் பார்த்துச் சொல்கிற வேலை. கொஞ்சம் கண் அசந்தால் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய பெட்டி துபாய்க்குப் போய்விடும். அதற்கு முன்னால் மூன்று வேலைகளை அந்தப் பெண் விட்டிருந்தாள். விட்டாள் என்பது அவள் சொன்னது, அனுப்பினார்கள் என்பது நடந்தது. கவனம் நிற்காததற்கு ஒரு பெயரும் ஒரு மாத்திரையும் உண்டு என்பது எங்கள் டாக்டரிடம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் மாதம் ஜன்னலில் வந்து, “மேடம், ஒரு படம் ஃபுல்லா உக்காந்து பாத்தேன் மேடம், க்ளைமாக்ஸ் வரிக்கும்!” என்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, மாத்திரையை நானே கண்டுபிடித்த மாதிரி.

ஒவ்வொரு மாதமும் கேட்பேன், “சாப்ட்டு தானே போடற?”

“ஆங், நாஷ்டாலாம் ஆச்சு மேடம்.”

“காபி?”

“சேச்சே, தொடவே மாட்டேன்.”

கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று, பதிவேட்டில் ஒரு டிக். அடுத்த ஆள் வாங்க.

ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டர் அறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஜான்சியின் நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு. எடை ஐந்து கிலோ இறங்கியிருந்தது. இரண்டு நாள் முன்னால் கன்ட்ரோல் ரூமில் எழுந்து நின்றவள் கண் இருட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டாளாம். இன்னும் மூன்று வாரத்தில் கம்பெனி மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

டாக்டர் இளம்வயசுக்காரர், நல்ல மனுஷர். என்னிடம் கேட்டார், “சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போடறாங்களா? காபி, டீ ஏதாவது ஜாஸ்தி இருக்கா?”

“சாப்ட்டுதான் டாக்டர். காபி தொடறதே இல்ல. நானே மாசாமாசம் கேக்கறேன்” என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

“அப்போ மருந்துதான் ஒத்துக்கல. நிறுத்திட வேண்டியதுதான்” என்றார்.

மருந்தை நிறுத்தினால் நாடி இறங்கும், பரிசோதனையில் தேறுவாள். ஆனால் தேறிய மறுநாளே தூத்துக்குடிப் பெட்டி துபாய்க்குப் போகும். நிறுத்தாவிட்டால் பரிசோதனையிலேயே வேலை போகும். ஜான்சி கையில் சீட்டை வைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். அவள் அழவில்லை. “நாலாவது வேலையும் பூட்சு மேடம்” என்று சிரித்தாள். அழுதிருந்தால் நான் டிஷ்யூ கொடுத்து அனுப்பியிருப்பேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

“வா, ஒரு டீ குடிக்கலாம்” என்று ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். கம்பெனி பஸ் விடிகாலையில் அந்தக் கடை வாசலில்தான் நின்று ஆள் ஏற்றும். நான் வேலைக்கு வருவது எட்டு மணிக்கு என்பதால் அந்தக் காட்சியை ஒருநாளும் பார்த்ததில்லை.

நாங்கள் போய் நின்றதும் டீ மாஸ்டர் எதுவும் கேட்காமல் இரண்டு கிளாஸ் டீயும் ஒரு பொறையும் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு கிளாஸை எடுக்கக் கை நீட்டினேன்.

“மேடம், அது ரெண்டும் அதுக்கு. உங்களுக்குப் போட்டுகினு கீறேன்” என்றார்.

ஜான்சியைப் பார்த்தேன். அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தாள்.

“டெய்லியா?” என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

“டெய்லிதான். ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னாடி ரெண்டு டீ, ஒரு பொற. ஒரு மாத்திரய வாய்ல போட்டுகினு மேல டீய ஊத்திக்கும். ‘இன்னாமா, நாஷ்டா துன்ன மாட்டியா’ன்னு நானே கேட்டுப்புட்டேன். சிரிச்சிகினே பஸ்ஸாண்ட ஓடிடும்.”

ஐந்து மாதமாக ஜன்னலில் நான் கேட்டு வாங்காத வரலாற்றை அந்த மனுஷர் கிளாஸ் கழுவிக்கொண்டே ஒப்பித்துவிட்டார். அந்த டீக்கடைக்காரருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டி என் இடத்தில் நிற்க வைத்திருந்தால் ஆஸ்பத்திரி இன்னும் நன்றாக நடந்திருக்கும்.

பிறகு நடந்த விசாரணையை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இதில்தான் இருக்கின்றன.

“நாஷ்டா ஆச்சுன்னு சொன்னியே?”

“சாப்டியான்னு கேட்டா சாப்டேன்னு தானே மேடம் சொல்லணும்? சாப்புடலன்னா நீங்க பேஜாராவீங்க.”

“காபி தொட மாட்டேன்ன?”

“காபி தொட மாட்டேன் மேடம். சத்தியமா. டீதான்.”

“ஒரு நாளைக்கு எத்தன டீ?”

“இங்க ரெண்டு. சாயந்தரம் ஒண்ணு.”

“கேன்டீன்ல?”

“அது ஃப்ரீ மேடம். அத்தயும் சொல்லணுமா?”

கேன்டீன் டீ நாலு. அது போக, கூட வேலை செய்கிற ஒரு தோஸ்து மத்தியானம் டப்பா பானம் ஒன்றைக் கையில் திணிப்பானாம், எனர்ஜிக்கு. அதில் இருப்பது காபியில் இருக்கிற அதே சரக்குதான், குளிரவைத்து இனிப்பு போட்டது. மதியச் சாப்பாடு? பத்து மணிக்கெல்லாம் பசி செத்துவிடும், கேன்டீன் சாப்பாட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு வைத்துவிடுவாள். சாயந்தரம் மருந்தின் வேகம் இறங்கும்போது பசி பேயாக வரும். அப்போது கிடைத்த பஜ்ஜி, தள்ளுவண்டி அத்தோ நூடுல்ஸ். ஆக, வெறும் வயிற்றில் ஊக்க மாத்திரை, அதன் மேல் ஏழு டீ, அதன் மேல் ஒரு டப்பா. இதயம் நூற்றுப் பதினெட்டோடு நிறுத்திக்கொண்டதே பெரிய மனசு. கும்பி கூழுக்கு அழ, கொண்டை பூவுக்கு அழுத கதையாக நான் காபியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையேட்டில் காபி என்று போட்டிருந்தது, நான் காபி என்று கேட்டேன். வடசென்னையில் ஒரு கூலிக்காரன், ஒரு மீனவன் காலையில் காபி குடித்து நான் பார்த்ததுண்டா?

மணி பன்னிரண்டே முக்கால். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார், அப்புறம் செவ்வாய்க்கிழமைதான். அந்தக் கால்மணி நேரத்தில் என் புத்தி என்னென்ன சொன்னது தெரியுமா? ‘டாக்டர் முடிவை மாற்றச் சொல்ல நீ யார்? நீயே ஜான்சியிடம் டீயைக் குறை, நாஷ்டா சாப்பிடு, மாத்திரையைத் தொடர்ந்து போடு என்று சொல்லி அனுப்பிவிடு. டாக்டரிடம் போனால் நீ சொன்ன பொய்த் தகவல் வெளியே வரும்.’ நல்ல புத்திதான், ஆளைக் கொல்லுகிற புத்தி. ஜான்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயசில் அந்தப் படிக்கட்டில் நான் ஓடியதைப் பார்த்து வாட்ச்மேன் தீ விபத்து என்று நினைத்து மணியில் கை வைத்துவிட்டார்.

டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். “டாக்டர், நான் தப்பாச் சொல்லிட்டேன். கேட்ட விதமே தப்பு” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், “இவ்ளோ நாளா நானும் சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டுட்டிருக்கேன்” என்றார். மறுபடி நாடி பார்த்தார், இதயத்துக்கு ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னார். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் தவணை கொடுத்தார். பசி உயிரோடு இருக்கும்போதே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை. டீ ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் பாதிக் கிளாஸ். டப்பா பானம் கூடவே கூடாது. மத்தியானம் பசிக்காவிட்டாலும் முட்டையோ தயிர்ச்சோறோ நாலு வாய். படபடப்பு கூடினால் மாத்திரையை விட்டுவிட்டு அன்றே வர வேண்டும். இரண்டு வாரத்தில் நாடி இறங்காவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவார். மாத்திரை சாப்பிடுவதைக் கம்பெனி டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று சொல்லி, அவருக்குக் காட்ட ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில் ஜான்சி மெதுவாகச் சொன்னாள், “மேடம், காலைல எங்க வூட்ல அடுப்பு பத்த வெக்க மாட்டாங்க.”

“கேஸ் இல்லியா?”

“கேஸ்லாம் கீது. அம்மா போணி பண்ணாம எங்க வூட்ல அடுப்பு எரியாது. ஆயா காலத்துலருந்தே அப்டித்தான். அம்மா மீன் வித்துட்டு பத்து மணிக்கு வந்துதான் பத்த வெக்கும். நான் பஸ் ஏர்ற நேரத்துக்கு இட்லிக்கடகூட தொறக்காது.”

அந்தத் திங்கட்கிழமை ரெஜினாவே என் ஜன்னலுக்கு வந்தார். இடுப்பில் சுருக்குப் பை, கையில் காலிக் கூடை, முகத்தில் கொலைவெறி.

“இன்னாமா மாத்திர குட்த்துகினு கீறீங்க? எம்பொண்ணு எளச்சித் துரும்பா பூட்சு. இப்ப இன்னாடான்னா, விடியறதுக்கு முன்னாடி அடுப்ப பத்த வெக்கச் சொல்றீங்களாம். போணி ஆவாம பத்த வெச்சா யாவாரம் வெளங்குமா?”

இங்கே நான் இரண்டாவது தடவை வழுக்கினேன். “இந்தக் காலத்துல இதெல்லாம் பாக்கறீங்களே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். இரண்டு எட்டு போயிருப்பார். நான் படித்தவள், அவர் படிக்காதவர் என்கிற வெட்டி ஜம்பத்தில் ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது. எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லையா? காலையில் முதல் சீட்டு இருமல் மருந்தாக வந்தால் அன்றைக்குக் கூட்டம் தாங்காது என்று முப்பது வருஷமாக நம்பியவள் நான்.

“யம்மா, நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. போணி எத்தன மணிக்கு ஆவுது?”

திரும்பிப் பார்த்தார். “நாலர. மிஞ்சிப்போனா அஞ்சு.”

“ஜான்சி எத்தன மணிக்கு எந்திரிக்கும்?”

“அஞ்சே காலுக்கு.”

“அப்ப அது எந்திரிக்கும்போது போணி ஆயிடுச்சில்ல?”

ரெஜினா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், “ஆயிட்ச்சி தானேம்மா” என்று எடுத்துக் கொடுத்தார்.

“ஆனா வூட்ல கீறவங்களுக்கு எப்டிமா தெரியும்?” என்றார் ரெஜினா.

நான் அவர் சுருக்குப் பையைக் காட்டினேன். அதிலிருந்து போன் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். வழக்கம் உண்டானபோது சேதி வீட்டுக்கு நடந்துதான் வர வேண்டியிருந்தது. போன் வந்த பிறகும் அது நடந்தே வந்துகொண்டிருந்திருக்கிறது, ஐந்து மணி நேரம் தாமதமாக.

“எம்பொண்ணு பட்னியா வேலைக்குப் போச்சு. நான் ஊருக்கெல்லாம் மீன் குட்த்துகினு இருந்தேன்” என்றார். அத்தனை பேர் நிற்கிற வரிசையில், கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வரிசையில் ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. எங்கள் வரிசையில் அது நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்குள் ஜான்சிக்குப் போன் வரும். மூன்றே வார்த்தை: “போணி ஆச்சு, பத்தவை.” ராத்திரி மீன் குழம்பைச் சுடவைத்து, இரண்டு தோசை, இரண்டு முட்டை. அதன் பிறகு மாத்திரை. அதன் பிறகு அரைக் கிளாஸ் டீ. இரண்டாவது கிளாஸை டீ மாஸ்டர் கண்டிப்பாகத் தர மறுத்துவிட்டாராம். பதினைந்தாம் நாள் நாடி எண்பத்தாறு, எடை முக்கால் கிலோ கூடுதல். மாத்திரையின் அளவில் ஒரு புள்ளிகூட மாற்றம் இல்லை. கம்பெனிப் பரிசோதனைக்கு டாக்டர் கடிதத்தோடு போனாள், தேறினாள், வேலை நிரந்தரமானது. இதுவரை துபாய்க்குத் தப்பாக எதுவும் போகவில்லை என்று கேள்வி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ரெஜினா வந்தார். வாழையிலையில் சுற்றிய நாலு துண்டு வஞ்சிரத்தை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். ஆஸ்பத்திரியில் வாங்கக் கூடாது என்றேன். “மாத்திரக்கி காசு வாங்கிக்கற, மீனுக்கு வேணான்றியே, இன்னா ஞாயம்” என்றார். பேச்சுவாக்கில் நான் கைப்பையிலிருந்து என்னுடைய ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து, மேஜையில் ஆறிக்கிடந்த டீயோடு விழுங்கினேன். அது அன்றைக்கு மூன்றாவது டீ. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சாப்டியாமா?” என்று கேட்டார்.

“சாப்டாச்சு” என்றேன்.

அவர் இலைப் பொட்டலத்தை என் பக்கம் இன்னும் ஒரு சாண் தள்ளினார்.

“எத்தினி மணிக்கி? இன்னா துன்ன?”